அண்ணித் தூண்

"நிறுத்து. மறுபடி போடு," என்றார் முசுடு.

சில்வண்டு மறுபடி போட்டாள். காலையிலிருந்து ஒரே பந்தயத்தின் பதிவை எத்தனை முறை போட்டிருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. அவளுடைய கட்டைவிரலைக் கேட்டால் சொல்லும்.

முசுடு என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வைத்தது. துப்பறிவதைத் தொழிலாகக் கொண்ட மனிதருக்குச் சிரிப்பு எதற்கு என்பது அவர் கட்சி. சில்வண்டு அவருடைய உதவியாளர். வாய் ஓய்ந்திருந்தால் தூங்குகிறாள் என்று அர்த்தம். கொலை, கொள்ளை எதுவானாலும் அதற்கு ஒரு நக்கல் வைத்திருப்பாள். அவளை இன்னும் வேலையைவிட்டு அனுப்பாமல் இருப்பதற்கு முசுடு ஒரே காரணம்தான் சொல்வார்: அவள் கண் நல்ல கண்.

திரையில், சக்கரம் இல்லாத வண்டிகள் செத்துப்போன ஒரு கிரகத்தைச் சுற்றியுள்ள வளையத்தின் மேல் சீறிக்கொண்டிருந்தன. 'கடைசி வளையம்' என்ற அனிமே தொடரைப் பார்க்காத இளவட்டம் கிடையாது. அதன் நாயகன் தொடர் முழுக்க ஒருமுறைகூட ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான். எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்கமாட்டான். அந்தத் தொடரை ஒரு நிறுவனம் வீடியோ கேமாக்கியிருந்தது. கேம் இன்னும் கடைக்கு வரவில்லை. வருவதற்கு முன்னால் உலகமே பார்க்க ஒரு வெள்ளோட்டப் பந்தயம் நடத்தினார்கள். அவரவர் வீட்டு அறையில் உட்கார்ந்து ஓட்டியது, அப்படியே இணையத்தில் நேரலையாகப் போனது.

ஜெயித்தவன் தீக்குச்சி. ரசிகர்கள் வைத்த பெயர். நிறுவனத்தின் விளம்பரமெல்லாம் அவன்தான். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் அவன் தெரிந்தான். நாயகனைப் போலவே கறுப்பு ஹெல்மெட், தொளதொள ஜாக்கெட், கையுறை. பந்தயம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டான். அதுதான் அவன் ஸ்டைல்.

அன்று மாலை அதே நாற்காலியில் பிணமாகக் கிடந்தான். கழுத்தில் ஹெட்செட் ஒயர் இறுகியிருந்தது.

போலீஸுக்குக் கணக்கு சுலபமாகப் போய்விட்டது. பந்தயம் முடியும்வரை அவன் உயிரோடு இருந்ததை லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் இருந்தது அண்ணன் ஒருவர்தான். லேத் பட்டறையில் கரண்ட் போனதால் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் வந்து, கீழ் அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறார். அண்ணன் தம்பி இருவரும் வீட்டுப் பங்குக்காகக் கத்திக்கொள்வது தெருவுக்கே தெரியும். அண்ணன் மனைவியோ பந்தயம் முடிந்த கையோடு பக்கத்துக் கட்டடத்தில் ஃபிசியோதெரபிக்குப் போய், இருட்டும்வரை மணிக்கட்டை நீவிவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஆகவே அண்ணன் லாக்கப்பில் இருந்தார்.

அந்த மனைவிதான் முசுட்டைத் தேடி வந்தவர். தீக்குச்சி தன் வீடியோக்களில் அவரை "அண்ணி, அண்ணி" என்றே கூப்பிட்டதால் முன்பின் தெரியாதவர்களும் அவரை அண்ணி என்றே அழைத்தார்கள். "அவர் கத்துவார் சார். கத்தினா அதோட முடிஞ்சுது. வேற யாரோ வந்திருக்காங்க. அவரை வெளியே கொண்டுவாங்க, போதும்," என்று அழுதுவிட்டுப் போயிருந்தார்.

"முதல் சுற்று. மூணாவது வளைவு. பாரு," என்றார் முசுடு.

தீக்குச்சியின் வண்டி வெட்டவெளிப் பாதையில் திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கி, எதையோ சுற்றிக்கொண்டு, மறுபடி பாதைக்கு வந்தது. கூட ஓட்டியவர்கள் அந்த இடத்தில் நூல் பிடித்தாற்போல நேராகப் போனார்கள்.

"கொசு குறுக்க வந்திருக்கும் பாஸ். பாவம், இளகின மனசு."

"ரெண்டாவது சுற்று?"

"நேரா போறான்."

"மூணாவது?"

"அதுவும் நேராத்தான். கொசு போய்ச் சேர்ந்துடுச்சு போல."

முசுடு எழுந்து சட்டையை மாட்டினார். "இல்லாத ஒண்ணை ஒருத்தன் ஒதுங்கிப் போறான்னா, அது இருந்த காலத்துல அவன் அங்க ஓட்டியிருக்கான். இப்ப இல்லைங்கறது முதல் சுற்றுலதான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கிளம்பு. அது என்னன்னு கேட்டுட்டு வருவோம்."

"கொசுன்னு சொன்னேனே பாஸ்."

*

கேம் நிறுவனத்தின் முன்வாசல் கண்ணாடியும் செடியுமாக ஜொலித்தது. பரிசோதனை அறை பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அடுத்து இருந்தது. உள்ளே ஆறு பேர் திரைகளை வெறித்துக்கொண்டு வண்டிகளை வரிசையாகச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்கெல்லாம் ஓட்டவே வராதா?" என்றாள் சில்வண்டு.

அறையின் தலைவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "இங்க யாரும் ஜெயிக்க ஓட்டறதில்லைம்மா. இடிக்க ஓட்டறோம். ஒவ்வொரு சுவத்தையும் எல்லாப் பக்கத்திலேர்ந்தும் இடிச்சுப் பார்க்கணும். எங்கயாவது வண்டி சுவத்துக்குள்ள பூந்துட்டா, அது ஓட்டை. கடைக்குப் போறதுக்கு முன்னால அடைக்கணும்."

"எங்க சித்தப்பா இதை ரோட்டுலயே பண்றாரு. யாரும் சம்பளம் தரமாட்டேங்கறாங்க."

முசுடு குறுக்கிட்டார். "மூணாவது வளைவு. நடுப்பாதையில முன்னால ஏதாவது இருந்துச்சா?"

"தூணைக் கேக்கறீங்களா?" தலைவரின் முகம் மலர்ந்தது. "தொடர்ல நாயகனோட தம்பி அங்கதான் மோதிச் சாவான். அதனால கேம்லயும் ஒரு தூணை நட்டிருந்தாங்க. பந்தயத்துக்கு முந்தின நாள் எடுத்துட்டோம். தீக்குச்சிதான் எடுக்கச் சொன்னான். ஜனங்க அதுக்குப் பேரே வெச்சுட்டாங்க சார். அண்ணித் தூண்!"

பின்னாலிருந்த ஆறு பேரும் சொல்லி வைத்தாற்போலச் சிரித்தார்கள்.

"அதுல என்ன சிரிப்பு?"

தலைவர் தன் திரையில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். இதே அறையில் எடுத்த பதிவு. ஒரு வண்டி தூணில் மோதுகிறது. பின்னால் போய் மறுபடி மோதுகிறது. பக்கவாட்டில், தலைகீழாக, மெதுவாக, வேகமாக மோதிக்கொண்டே இருக்கிறது. மூலையில் மணிக்கட்டுப் பட்டையோடு ஒரு பெண், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, தூணை அளக்கிறாற்போல உட்கார்ந்திருக்கிறாள். அண்ணிதான். ஒவ்வொரு மோதலுக்கும் கூட்டம் சிரிக்கும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். மேலே தலைப்பு: 'எங்க அண்ணி வண்டி ஓட்டற அழகு'.

"அவங்க வேலையைத்தானே பார்த்துட்டு இருக்காங்க?" என்றாள் சில்வண்டு. குரலில் நக்கல் இல்லை.

"அது நமக்குத் தெரியும். பார்க்கறவனுக்கு எப்படித் தெரியும்? தீக்குச்சி போட்டான், உலகமே சிரிச்சுது. ஆபீஸ் பதிவு வெளியே போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. குறை எழுதறதுக்காக அவங்க லேப்டாப்புல வீட்டுக்குக் கொண்டுபோன பதிவு அது. அதனால அவங்களையே அனுப்பிட்டாங்க. நாலு வருஷ சர்வீஸ். அந்தப் பயலுக்கு ஓட்டக் கத்துக் கொடுத்ததே அவங்கதான் சார். ஜெயிக்கணும்னு உட்கார்ந்தா இங்க ஒருத்தரும் கிட்ட நெருங்க முடியாது. ஆனா ஜெயிக்கறது அவங்க வேலை இல்லையே."

"தூணை எடுத்தது அவங்க போன பிறகா?"

"ஆமாம். ரசிகர்களுக்குக் கடைசி நேர ஆச்சரியமா இருக்கட்டும்னு யாருக்கும் வெளியே சொல்லலை. பந்தயத்தன்னிக்குக் காலைல பயிற்சி ஓட்டம் வெச்சப்பத்தான் ஓட்டறவங்களே பார்த்தாங்க."

"தீக்குச்சியும் காலைல ஓட்டினானா?"

தலைவர் பதிவைத் தேடிப் போட்டார். காலைப் பயிற்சியில் தீக்குச்சி அந்த வளைவை நேராகக் கடந்தான். கடந்த பிறகு ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தூண் இருந்த இடத்துக்கு ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டான்.

"சரி. தூண் இருந்தபோது அங்க ஓட்டிப் பழகினவங்க யார் யார்?"

"தீக்குச்சி. அப்புறம் இந்த அறையில இருந்தவங்க மட்டும்தான்."

"அதுல, தூண் போனது தெரியாத ஆள்?"

தலைவர் வாயைத் திறந்தார். திரும்பி ஆறு பேரையும் பார்த்தார். அவர்கள் ஆறு பேரும் தூண் போன பாதையை ஒரு முழு நாள் இடித்துத் தள்ளியவர்கள். அவர் பார்வை ஏழாவது நாற்காலியில் போய் நின்றது. அது காலியாக இருந்தது.

"இப்ப அஞ்சலியா அந்தத் தூணை மறுபடி வைக்கப் போறோம் சார்," என்றார், பேச்சை எங்காவது திருப்பிவிடும் அவசரத்தில். "தீக்குச்சி பேரைப் போட்டு. ஜனங்க உருகறாங்க. நல்லா விக்கும்."

*

அண்ணி கூடத்தில் உட்கார்ந்து கணவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். இடக்கையால்தான் மடித்தார். வலக்கை மணிக்கட்டில் பட்டை இறுக்கமாக இருந்தது. அவர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஏதாவது கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுது. உங்க வீட்டுக்காரர் இன்னிக்கே வெளியே வந்துடலாம்," என்றார் முசுடு.

அண்ணியின் முகத்தில் வந்த சந்தோஷம் நடிப்பில் வராத ஜாதி. அப்படியே உட்கார்ந்து, மடித்த சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "நான் சொன்னேனே சார்... நான் சொன்னேனே..." முசுடு அவசரப்படவில்லை. அழுது முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இதை இரக்கம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு முசுட்டைத் தெரியாது. புருஷன் மாட்டிக்கொண்டது இந்தப் பெண் போட்ட திட்டமல்ல என்பதை அவர் தன் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டார்.

"பந்தயத்துல ஓட்டினது உங்க கொழுந்தன் இல்லைம்மா," என்றார். "பந்தயம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே அவனை முடிச்சாச்சு. ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கிட்டு வேற ஒருத்தர் ஓட்டியிருக்காங்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் அவனுக்கே மாட்டி, நாற்காலியில திரும்ப உட்கார வெச்சிருக்காங்க. அந்த நேரம் உங்க வீட்டுக்காரர் பட்டறையில இருந்தார். பட்டறையே வந்து சாட்சி சொல்லும்."

அண்ணி சட்டையை முகத்திலிருந்து எடுத்தார். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவர் வெளியே வர்றதுக்கு இது ஒண்ணுதான் வழி," என்றார் முசுடு. "ஆனா இந்த வழியில போனா, பந்தயம் முடிஞ்சப்புறம் நீங்க ஃபிசியோதெரபியில இருந்ததுக்கு ஒரு மதிப்பும் இல்லாம போயிடும்."

"ஓட்டினது அவன் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"மூணாவது வளைவு. முதல் சுற்று. தூணைச் சுத்திப் போனீங்க."

அண்ணி மணிக்கட்டுப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அந்தத் தூணை உலகமே பார்த்துச்சு சார். வேற யாராவதுகூட..." என்று இழுத்தார்.

"பார்த்தவங்க லட்சம் பேர். வண்டி அந்த இடத்துக்கு வந்ததும் கை தானா திரும்பற அளவுக்கு ஓட்டினவங்க, அவனை விட்டுட்டா ஏழு பேர். அதுல ஆறு பேருக்குத் தூண் போனது தெரியும்."

சில்வண்டு மெல்லக் கேட்டாள்: "அக்கா, அது இல்லைன்னு உங்களுக்கு அவன் சொல்லவே இல்லையா?"

"எங்கிட்ட அவன் சிரிக்கறதுக்கு மட்டும்தான் பேசுவான்," என்றார் அண்ணி.

முசுடு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் குரல் கடுக்காய் கடித்தாற்போல இருந்தது. "என்னை வேலைக்கு வெச்சது நீங்க. இது என் வாயோட போனா, உங்களை யாரும் கேக்கப்போறதில்லை. தூணாவது துரும்பாவது, போலீஸ் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. உங்க வீட்டுக்காரர் உள்ளேயே கிடப்பார். நீங்க வாராவாரம் சட்டை கொண்டுபோய்க் கொடுக்கலாம்."

"பாஸ்!" என்றாள் சில்வண்டு.

"நீ சும்மா இரு. அவங்க முடிவு பண்ணட்டும்."

முசுடு வாயை மூடிக்கொள்கிற ரகமல்ல. அவர் மேஜையில் இன்ஸ்பெக்டருக்குப் போகவேண்டிய பதிவு ஏற்கெனவே தயாராக இருந்தது. அது சில்வண்டுக்குத் தெரியும். ஆனாலும் அவர் அந்தப் பெண்ணைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார். இந்த மனிதரிடம் எதற்கு வேலை பார்க்கிறோம் என்று சில்வண்டு அன்று முதல்முறையாக யோசித்தாள்.

அண்ணி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த சட்டையைச் சரியாக மடித்து, மற்றவற்றின் மேல் வைத்தார்.

"அவருக்கு ராத்திரி தரையில படுத்தா மூச்சு முட்டும் சார். போலாம். நானே சொல்லிடறேன்."

"ஏன் பண்ணினீங்க?" என்றார் முசுடு.

"வேலை போனதுக்கு இல்லை. அதுக்கும் சேர்த்துத்தான், ஆனா அதுக்கில்லை. அன்னிக்கு மத்தியானம் அவனுக்குக் காபி கொண்டுபோனேன். ஹெல்மெட்டைத் துடைச்சுட்டு இருந்தான். 'அண்ணி, இப்பத்தான் வேலை இல்லையே, நிறைய நேரம் இருக்குமே, இன்னொரு வீடியோ எடுக்கலாமா, இந்தத் தடவை சுவத்துல இடிங்க'ன்னான். ஒயர் பக்கத்துல கிடந்துச்சு சார்." அண்ணி தன் மணிக்கட்டைப் பார்த்தார். "நாலு வருஷம் இடிச்ச கை. வலிக்கவே இல்லை."

"அந்தப் பதிவு அவன் கைக்கு எப்படிப் போச்சு?"

"என் லேப்டாப்பைத் திறந்து திருடியிருக்கான். வேற யாரு?"

"பந்தயம் முடிஞ்ச பிறகு அவன் உயிரோட இருந்தான்னு காட்டத்தான் ஓட்டினீங்க. புரியுது," என்றார் முசுடு. "அதுக்குக் கடைசியா வந்தாலே போதுமே. தோத்திருந்தா அந்தப் பந்தயத்தை யாரும் திரும்பப் போட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க. நானும் பார்த்திருக்க மாட்டேன். ஏன் ஜெயிச்சீங்க?"

அண்ணிக்கு அந்தக் கேள்வி புரியாததுபோல இருந்தது. இதைக்கூடவா கேட்பார்கள் என்று அவரைப் பார்த்தார்.

"ஒரு தடவையாவது இடிக்காம ஓட்டணும்னு இருந்துச்சு சார்."

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் எகிறினார், பிறகு பதிவைப் பார்த்தார், அப்புறம் தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார். அண்ணி உள் அறையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பிக் கதவு வழியே அவருடைய முதுகு தெரிந்தது.

கணவரை வராந்தாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தாடியும் கசங்கின சட்டையுமாக இருந்த அந்த மனிதரிடம் முசுடு நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொன்னார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என் தம்பியையா?" என்றார். "அவளா?"

"ஆமாம்."

"எதுக்கு சார்? அவனைச் சின்னப் பையனா இருந்தப்பலேர்ந்து வளர்த்தவ. எதுக்கு?"

"அந்த வீடியோ," என்றார் முசுடு. "தூணில இடிக்கற வீடியோ. அவங்க லேப்டாப்புலேர்ந்து திருடி உலகத்துக்கே போட்டுக் காட்டினான்ல, அது."

கணவர் தலையைத் தூக்கினார். பேயறைந்த முகம் என்பார்களே, அதைச் சில்வண்டு அதுவரை பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

"திருடலை சார்."

"என்ன?"

"அவன் திருடலை. நான்தான் குடுத்தேன்." கணவர் உள் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அவ குளிக்கப் போயிருந்தா. லேப்டாப் திறந்து இருந்துச்சு. பார்த்தா இடி இடின்னு இடிச்சுட்டு இருக்கா. எனக்குச் சிரிப்பு தாங்கலை. 'டேய், உங்க அண்ணி ஓட்டற லட்சணத்தைப் பாரு'ன்னு நான்தான் அவன் போனுக்கு அனுப்பினேன். அந்தத் தலைப்புகூட நான் சொன்னதுதான் சார். நாங்க ரெண்டு பேரும் சண்டை போடாம சிரிச்சது அன்னிக்கு ஒரு நாள்தான்."

உள்ளே இன்ஸ்பெக்டரின் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. திருட்டுன்னுதான் நினைச்சுட்டு இருக்காங்க. உங்களை வெளியே எடுக்கத்தான் உள்ள உட்கார்ந்து சொல்லிட்டு இருக்காங்க."

கணவர் முசுட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடாதீங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றார் முசுடு. கையை விடுவித்துக்கொண்டார். "ஆனா ஏன் கொன்னாங்கன்னு கோர்ட்டுல கேப்பாங்க. வீடியோ எப்படி வெளியே போச்சுன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லக் கூப்பிடற முதல் சாட்சி நீங்கதான். அனுப்பினது அவன் போன்ல இருக்கும், பொய் சொல்ல முடியாது. அவங்க எதிர்க் கூண்டுல நின்னு கேட்டுட்டு இருப்பாங்க."

"நீங்க மனுஷன்தானா பாஸ்?" என்றாள் சில்வண்டு. அதில் விளையாட்டு இல்லை.

கம்பிக் கதவு திறந்தது. பெண் போலீஸ் ஒருவர் அண்ணியை வெளியே அழைத்து வந்தார். வராந்தாவில் கணவர் விடுதலையாகி, விலங்கில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அண்ணியின் முகம் தெளிந்தது. அவ்வளவு நிம்மதியான முகத்தை அந்த ஸ்டேஷன் வெகுகாலமாகப் பார்த்திருக்காது.

"விட்டுட்டாங்களா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "சட்டையெல்லாம் மடிச்சு கூடத்துலயே வெச்சிருக்கேன். இதைக் கழட்டிட்டு நல்லதா ஒண்ணு மாத்திக்குங்க. கோர்ட்டுக்கு வர்றப்போ அந்த நீலச் சட்டையைப் போட்டுட்டு வாங்க. உங்களைப் பார்த்தாத்தான் எனக்கு தைரியமா இருக்கும்."

கணவர் தரையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.